நமது நடைச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு 11 நடைகள் திட்டமிட்டு 9 நடந்தோம். கோடையில் தேவனாம்பட்டினம் கடற்கரையோடு நிறுத்திக்கொண்டோம். ஆகஸ்டில் கேப்பர் மலைச் செம்மண்ணில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு சுற்று. மற்றவை வழக்கம்போல. பாகூர் நடையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் என் தவறும் இருக்கிறது.

அட்டையில் அச்சடித்த தேதி டிசம்பர் 1. அதற்கு முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. காலை ஆறு மணிக்கு "இன்று நடை உண்டா?" என்று தொலைபேசியில் கேட்ட உறுப்பினரின் பெயரை, அவர் கேட்டுக்கொண்டபடி, இங்கே சொல்லவில்லை. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. நம் உறுப்பினர் நால்வர் வீட்டில் முழங்கால் அளவு நின்றது. அந்த மாதம் முழுக்கச் சேறு அள்ளியதுதான் நம் நடை.

ஆகவே ஜனவரி 5, மார்கழி 21 அன்று 14 பேர் புறப்பட்டோம். கன்னியக்கோயிலில் பஸ் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார் பொருளாளர். பனி வெளியே வயலில் இருந்தது.

பாகூர் மூலநாதர் கோயில் வாசலில் தேநீர். நிருபதுங்கவர்ம பல்லவனின் 8ஆம் ஆட்சியாண்டில் இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஓய்வுபெற்ற நம் ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "நான் முப்பது வருடம் கேட்டது மூன்று கரும்பலகைதான்" என்றார்.

ஏரிக்கரைமேல் கடைசிவரை நடக்கலாம் என்று உறுதி கூறியவன் நான். புயலுக்கு முன் பார்த்ததை நம்பிச் சொல்லிவிட்டேன். மதகுக்கு அப்பால் புதுமண்ணும் மணல் மூட்டையுமாக இருந்தது. கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. திரும்பி வயல் வரப்பில் இறங்கினோம். முதலில் வழுக்கி விழுந்தவனும் நானே. களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "நடக்கத்தானே வந்தீர்கள், நீந்தவா?" என்று கேட்டார். சாய்ந்த நெற்பயிரை அவர் கைகாட்டியபோது எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பனி விலக ஒன்பது மணி ஆயிற்று. அப்போதுதான் ஏரி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக, ஓரத்தில் நத்தைகுத்தி நாரைகள், தொலைவில் ஊசிவால் வாத்துகள். பனைமரத்தடியில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரை இந்த ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்கு, பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகளின் கதையை ஊரில் சொல்கிறார்கள். ஒரு மாதம் முன்பு நம் வீட்டுக்குள் வந்த அதே ஆறு இங்கே ஏரியாகச் சாதுவாகக் கிடந்ததை நால்வரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புறப்படலாம் என்று நான் இருமுறை சொன்னேன், யாரும் எழவில்லை. பத்தேகால் பஸ் போயிற்று.

எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்குச் செயலாளரிடம் பதில் இல்லை. கைப்பேசியில் அளந்தவர்கள் மூவர். மூவரும் மூன்று கணக்குச் சொன்னார்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி ஏழு பேர். அவர்களில் தலைவரும் ஒருவர் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். இனிப் பாதையை ஒரு வாரம் முன்னதாக இருவர் நேரில் பார்த்துவர வேண்டும் என்ற தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன்.

பாகூரில் மறந்துவிட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று என் வீட்டில் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்