நிதாரி: விடுதலைக்குப் பின்னும் திறந்திருக்கும் வழக்கு

மத்தியப் புலனாய்வுத் துறை (சிபிஐ) இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

2006 டிசம்பர் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் நொய்டா நகரில், நிதாரி கிராமத்தை அடுத்த 31ஆவது செக்டாரில் டி-5 என்ற வீட்டை ஒட்டிய சாக்கடையிலிருந்து குழந்தைகளின் மண்டையோடுகளும் எலும்புகளும் எடுக்கப்பட்டன. பிள்ளைகளைக் காணவில்லை என்று அதற்கு முன்பே முறையிட்ட நிதாரியின் ஏழைப் பெற்றோரை அலட்சியம் செய்தது உள்ளூர்க் காவல்துறை. ஆனால் 2007 ஜனவரியில் வழக்கு உங்கள் துறைக்கு வந்தது. அதன் பிறகு நடந்தவற்றுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அவ்வீட்டின் பணியாளர் சுரேந்திர கோலிக்கு ஒரு கொலை வழக்கில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2015இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. வேறு 12 வழக்குகளில் அவரை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் விடுவித்தது. ஏறத்தாழ அதே சான்றுகளை வைத்து ஒரு வழக்கில் மட்டும் தண்டனை நீடிப்பது முரண் என்று கண்டு, சீராய்வு மனுவும் தோற்ற பின் கடைசி வழியாக எஞ்சியிருந்த குறைதீர் மனுவை ஏற்று, உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 11 அன்று அந்தத் தண்டனையையும் நீக்கியது.

கொலைகாரனை நீதிமன்றம் தப்பவிட்டுவிட்டது என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறக்குறைய 60 நாட்கள் காவலில் இருந்தவரிடம், உரிய மருத்துவப் பரிசோதனையோ பயனுள்ள சட்ட உதவியோ இன்றிப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தின் மீது நிறுத்தப்பட்ட வழக்கு வேறெப்படி முடியும்? கைப்பற்றிய கத்திகளிலும் கோடரியிலும் இரத்தமோ திசுவோ இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. பலரைக் கொன்று துண்டாக்கியதாகச் சொல்லப்பட்ட அந்த வீட்டுக்குள் அதற்கேற்ற தடயம் எதுவும் நிபுணர்களுக்குக் கிடைக்கவில்லை. எலும்புகள் எந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுடையவை என்று மரபணுச் சோதனை காட்டியதே தவிர, கொன்றவர் யார் என்று அது காட்டவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் இத்தனை ஆண்டுகளையும் விழுங்கியது என்பேன்.

உடலுறுப்பு வணிகம் நடந்திருக்கலாம் என்ற கோணத்தை விசாரிக்குமாறு மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் அமைத்த உயர்நிலைக் குழு பரிந்துரைத்திருந்தும் அது கைவிடப்பட்டதை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அக்கோணம் உண்மை என்று நான் வாதிடவில்லை. ஏன் தேடவில்லை என்று கேட்கும் உரிமை அந்தப் பெற்றோருக்கு உண்டு என்றே சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் கோருவது இதுதான். எலும்புகள், மரபணு மாதிரிகள், ஆய்வக அறிக்கைகள் ஆகியவற்றில் இன்று எவை பாதுகாப்பில் உள்ளன, புதிய முறைகளால் மறுபடி சோதிக்கத்தக்கவை எவை என்பதைப் பட்டியலிட்டு வெளியிடுங்கள். தோண்டும் முன் இடத்தைப் பாதுகாக்காதது, ஒன்றுக்கொன்று முரண்பட்ட ஆவணங்களை நீதிமன்றத்தில் வைத்தது ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் மீது துறைரீதியான விசாரணை உண்டா என்று அறிவியுங்கள். புலனாய்வு தொடருமா, முடிந்ததா என்பதையும் அதற்கான காரணத்தையும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத அக்குடும்பங்களுக்கு அவர்கள் படிக்கும் இந்தியிலேயே, பொறுப்பு அதிகாரியின் கையொப்பத்துடன் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்