ஆரையம்பதியில் உதவிய ஐயாவுக்கு நன்றி

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்த ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் கார். சிலிண்டரைக் கடைந்து (‘போர்’ பண்ணி), புது பிஸ்டன், பெயாரிங் எல்லாம் போட்ட 948 சீசீ எஞ்சின் செயின் புளொக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியில்) தொங்குகிறது. கியர்பொக்ஸோடு சேரவே இல்லை. போல்ட்டை இறுக்கி இழுக்கப் பார்த்த தம்பியை ஐயாதான் தடுத்தார்: “வேணாம் மகன், எஞ்சின் பாரம் கியர்பொக்ஸ் ஷாஃப்டில விழுந்தா கிளட்ச் பிளேட் வளைஞ்சிடும்.” பிறகு அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையை அளவாகச் சீவி உள்ளே விட்டு, ஷாஃப்ட் நேராக நுழையும்படி கிளட்ச் பிளேட்டைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினார். அப்புறம் எஞ்சின் வழுக்கிக்கொண்டு போய் அமர்ந்தது. எவ்வளவு அருமையான கைவேலை!

காசு நீட்டினோம், தேத்தண்ணி போதும் என்றார். ஐயா, இதை வாசித்தால் ஒருநாள் வாங்க. உங்களை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் வரை ஓட்ட வேண்டுமென்று அப்பா காத்திருக்கிறார்.