சோயாவும் தோலும்

ஆசிரியருக்கு வணக்கம். தினமும் சோயாவில் செய்த மீல் மேக்கர் சாப்பிட்டால் முகச் சுருக்கம் மறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள், கவலையாக இருக்கிறது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற சத்துகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல லேசாகச் செயல்படுபவை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனோடு தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவதால், அந்த வயதுப் பெண்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் சுருக்கம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அதற்காக எல்லோருக்கும் பலிக்கும் என்பது தவறு. அந்தச் சத்தை ஈக்வால் என்ற, இன்னும் நன்றாகச் செயல்படும் பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா பலருக்கு இருப்பதில்லை, சோயா எண்ணெயிலோ ஐசோஃபிளேவோன் கிட்டத்தட்ட கிடையாது. சரி, புரதத்துக்காகச் சாப்பிடட்டும். ஆனால் சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வருமே, அதைப் பற்றி அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரியும் இல்லை. பாக்கெட்டில் ஒவ்வாமை விவரம் அச்சிடுவது கட்டாயம். அதை எப்படிப் பார்ப்பது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதுங்கள்.

- வாசகி, மதுரை