ரத்தம் மட்டும்தான் எங்களுடையதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணக்கார நாடுகளும் வளரும் நாடுகளும் சேர்ந்து செய்யும் அறிவியல் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முழுக்க முழுக்க "அவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள், நாம் கற்றுக்கொள்கிறோம்" என்ற தொனி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 28 ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான், எனக்கு அது உறுத்தியது. (என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள்.)

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்டு ஆராய்ச்சி என்றாலே பார்சல் கட்டுவதுதான். கிளினிக்கிலிருந்து வரும் ரத்தத்தைச் சுழற்றி, சீரம் என்ற மஞ்சள் நீரைப் பிரித்து, சின்னக் குப்பிகளில் ஊற்றி, எண் ஒட்டி, டிரை ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்கி விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்பவே மாட்டோம். சனி, ஞாயிறு எங்காவது கிடங்கில் கிடந்தால் எல்லாம் உருகிப் போகும். இரண்டு வருடம் கழித்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் பதினான்கு பேர், எங்கள் கூடத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. கடைசியில் "உள்ளூர் ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. அதிலும் எங்கள் கிளினிக்கின் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. எங்கள் மாகாணத்தில் டுகேலா ஃபெரி என்ற சிற்றூர் மருத்துவமனையில், பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். 2006ல் அந்தச் செய்தி உலகத்தையே உலுக்கியது. அங்கே அமெரிக்க மருத்துவர்களும் உள்ளூர் மருத்துவர்களும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். அதன் பிறகு 2009ல் ஓர் அமெரிக்க அறக்கட்டளையும் குவாசுலு-நடால் பல்கலைக்கழகமும் சேர்ந்து டர்பனிலேயே காசநோய், எச்.ஐ.வி. ஆய்வு நிலையம் தொடங்கின. குப்பியை அங்கே அனுப்புவதற்குப் பதிலாகக் கருவியை இங்கே கொண்டுவந்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதன் பலன் 2021 நவம்பரில் தெரிந்தது. டர்பனிலும் ஸ்டெல்லன்போஷிலும் ஆய்வகம் நடத்திய துலியோ டி ஒலிவெய்ராவின் குழுவும், போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோவின் குழுவும் புதுக் கொரோனா வகை ஒன்றைச் சில நாட்களில் கண்டுபிடித்து, மறைக்காமல் 25ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார்கள். அதுதான் ஒமிக்ரான். மறுநாளே பிரிட்டன் எங்களைப் பயணத் தடைக்கான சிவப்புப் பட்டியலில் போட்டது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் கதவைச் சாத்தின. மார்கழி பிறப்பதற்குள் என் மகள் கல்யாணத்தை அம்கேனி சாலைக் கோயிலில் வைத்திருந்தோம். லண்டனிலிருந்து அக்கா மகன் வர முடியவில்லை. திரும்பிப் போனால் பத்து நாள் ஹோட்டலில் அடைபட வேண்டும், இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணத்தையும் அவனே கட்ட வேண்டும். கல்யாணத்தைப் போனில் பார்த்தான். சரி, அது எங்கள் வீட்டு வருத்தம். ஆனால் விமானங்கள் நின்றதால் அந்த ஆய்வகங்களுக்கு வேண்டிய ரசாயனங்கள் வருவதே சிக்கலாகிவிட்டது. 30ஆம் தேதி நெதர்லாந்து ஒரு செய்தி வெளியிட்டது: 19, 23 தேதிகளில் எடுத்த தங்கள் மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்ததாம். அதற்காக ஆம்ஸ்டர்டாம் விமானங்களை லண்டன் நிறுத்தவில்லை.

தடுப்பூசிக் கதையும் அதே வருடம்தான். ஆக்ஸ்ஃபோர்டு கொரோனா தடுப்பூசியின் சோதனை இங்கே எங்கள் மக்கள் மேல் நடந்தது. விலை என்று வந்தபோது தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு டோஸ் 5.25 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏறக்குறைய 2.15 டாலர். "நீங்கள் ஓரளவு வசதியான நாடு" என்பதுதான் சொன்ன காரணம்!

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்று, கேள்வியை யார் கேட்கிறார் என்பது. டர்பனின் கேப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு நிலையத்தில் குரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் கேட்ட கேள்வி இந்த ஊரிலிருந்து வந்தது: ஆண் ஒத்துழைக்காவிட்டாலும், ஒரு பெண் தானே எச்.ஐ.வி.யிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வழி உண்டா? 889 பெண்களிடம் ஒரு களிம்பைச் சோதித்து, தொற்று 39 சதவீதம் குறைந்ததை 2010ல் காட்டினார்கள். பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க அரசுடையது, ஆனால் கேள்வி எங்களுடையது. பின்னால் வந்த வேறொரு சோதனையில் அந்தக் களிம்பு பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அதே கேள்வியை விடாமல் கேட்டதால்தான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகபாவிர் ஊசியை தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்தார்கள். 2024ல் முடிவு வந்தபோது, ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. அந்த மருந்தை மலிவாகத் தயாரித்து 120 நாடுகளில் விற்க ஆறு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். அதே மருந்தின் இன்னொரு சோதனைக்கு உடம்பைக் கொடுத்த பிரேசில்காரர்கள் இல்லை.

குற்றம் எல்லாம் வெளியில்தான் என்று சொன்னால் அது பொய். எங்கள் நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவது நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம் அளவில். 1.5 சதவீதம் என்ற இலக்கைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2025ல் அமெரிக்கா திடீரென்று நிதியை நிறுத்தியபோது, தொடங்கவிருந்த எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை ஒன்று அப்படியே நின்றது. கருவி இங்கே இருக்கிறது, மின்சார பில் வேறெங்கோ கட்டுகிறார்கள் என்பது மாதிரிதான் எங்கள் நிலைமை.

சமீபத்தில் பழைய கூடத்துக்குப் போயிருந்தேன். நான் பெட்டி கட்டிய மேசையில் இப்போது மரபணு வரிசையைப் படிக்கும் கருவி ஒன்று. அதை இயக்கும் பெண் டர்பனை ஒட்டிய பீனிக்ஸ் பகுதிக்காரி, எங்கள் தெலுங்குக்காரக் குடும்பம் ஒன்றின் பிள்ளை. இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் அவள் பெயர் வந்திருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அவள் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கப் பணமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "அப்புறம் இதை யார் ஓட்டுவார்கள்?" என்று கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதும்போது அவளைப் போன்ற இரண்டு பேரிடம் பேசிவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்