சோறு கனம்னு விட்டுடாத பாப்பா

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு சுகர் 140ல நிக்குது, காலையில நடக்கப் போறார். மேட்டூர் தொறந்து நம்ம வாய்க்காலுக்கும் தண்ணி வந்துருச்சு, சித்தப்பா குறுவை நடவை ஆரம்பிச்சுட்டாங்க. தம்பி இந்த போன்ல தமிழ்ல அடிக்க வழி பண்ணிக் குடுத்தான், அதான் உக்காந்துட்டேன். பேசும்போது சொன்னா நீ "சரிம்மா சரிம்மா"ன்னுட்டு வச்சுடுற, அப்புறம் எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வர்றதில்ல.

நேத்து நீ போட்ட சாப்பாட்டுக் கடை எடைச் சீட்டுல 0,265ன்னு இருந்துச்சு. புள்ளிக்குப் பதிலா பிரேசில்ல கமா போடுவாங்கன்னு நீதான் சொல்லிக் குடுத்த, அதனால எனக்கு இப்பல்லாம் நல்லாவே படிக்கத் தெரியும். 265 கிராம். தட்டோட எடையைக் கழிச்சுட்டு வர்ற கணக்கு அது. ஒரு நாளைக்கு நீ உருப்படியா சாப்பிடறது அந்த மத்தியானச் சாப்பாடு ஒண்ணுதான், காலையில காப்பியும் அந்த சீஸ் உருண்டையும், ராத்திரி என்ன சாப்பிடறன்னு கேட்டா "ஏதோ சாப்பிட்டேன்"ங்கற.

நீ போன புதுசுல அந்தக் கடையை வீடியோல காட்டுனது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ஆபீஸ்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி, சாவோ பாலோ ஊர்ல பாலிஸ்டா ரோட்டுப் பக்கம்னு சொன்ன. நீளமா மேசை, அதுல வரிசையா தட்டு தட்டா, ஒரு பக்கம் பச்சைக் காய், ஒரு பக்கம் சோறு, கறுப்பு பீன்ஸ், மீன், கோழி, வாழைப்பழத்தைக் கூட வறுத்து வச்சிருந்தாங்க. அவங்கவங்க தட்டுல அவங்கவங்களே போட்டுக்கிட்டு கடைசியில தராசுல வைக்கணும், அந்தப் பொண்ணு சீட்டு குடுக்கும், சாப்பிட்டுட்டு போகும்போது அதைக் காட்டி காசு கட்டணும். நாட்டுல எல்லா ஊர்லயும் ஆபீஸ் போறவங்க இப்படித்தான் சாப்பிடறாங்க, 1980கள்ல பெலோ ஒரிசோன்ட்டேங்கற ஊர்ல ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்கன்னு நீ சொன்னப்போ எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா, நம்ம பிள்ளை ஒரு ஊருக்குப் போனா வேலையை மட்டும் பாக்காம ஊரையும் பாக்குதேன்னு. தராசுல அரசாங்க முத்திரை இருக்கான்னு நான் கேட்டேன், நீ அடுத்த நாளே கிட்டப் போய் போட்டோ எடுத்து அனுப்பி "இன்மெட்ரோ முத்திரை இருக்கும்மா"ன்ன. கோமதி அத்தைகிட்ட கூட அந்தப் போட்டோவக் காட்டுனேன். நம்ம குடும்பத்துல கடல் தாண்டுன மொத பொண்ணு நீ, அதுவும் சிங்கப்பூர் துபாய் இல்ல, உலகத்தோட அந்தப் பக்கம்.

ஆனா பாப்பா, உனக்குத் தெரியாம ஒண்ணு பண்ணிருக்கேன். நீ தினமும் போடற சீட்டை எல்லாம் நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். 27 வருஷம் சத்துணவுக் கூடத்துல இருப்புப் பதிவேடு எழுதுன கை, சும்மா இருக்க மாட்டேங்குது. 1ஆம் தேதி 470. 4ஆம் தேதி 455. 10ஆம் தேதி 390. 17ஆம் தேதி 330. நேத்து 22ஆம் தேதி 265. போன மாசமும் இதே மாதிரிதான், மொதல்ல நல்லா இருந்து தேதி ஆக ஆகக் குறையுது. அதுக்கு முந்தின மாசம் இப்படி இல்ல. எப்ப இருந்து இப்படின்னு பாத்தா, பெரிய மாமாவோட பண விஷயம் வந்துச்சு இல்ல, அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து.

அந்தச் சாப்பாட்டுக் கார்டுல ஒரு நாளைக்கு 35 ரெயால் (அந்த ஊர்ப் பணம்) கணக்குல கம்பெனி போடும்னு சொன்ன. கடையில கிலோ 89 ரெயால். அப்படின்னா 400 கிராம் கூட முழுசா வராது, அதுலயே சனி ஞாயிறு வேற வெளிய சாப்பிடணும். 20 தேதிக்கு மேல கார்டு தீந்து போகும், அதுக்கப்புறம் கைக்காசு போட்டுத்தான் சாப்பிடணும். கைக்காசு 25ஆம் தேதி இங்க வந்துடுது. எனக்குக் கணக்கு தெரியாதா பாப்பா.

நான் அதைக் கேக்கலை. பணத்தைப் பத்திப் பேசக்கூடாதுன்னு நீ சொல்லிருக்க, பேசல. சாப்பாட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சோறு போட்டுக்கோ. அன்னைக்கு நீ சொன்ன, கூட வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாம் "சோறு கனம், கிலோ கணக்குல சோத்துக்குக் காசு குடுக்கறது வேஸ்ட், மீனுக்கும் சோத்துக்கும் ஒரே ரேட்டுதானே"ன்னு சொல்றாங்கன்னு. கணக்குப்படி அது சரிதான். ஆனா அவங்க வீட்டுல ராத்திரி அம்மா ஆக்கி வச்சிருப்பாங்க. உனக்கு யாரு இருக்கா? நேத்து நீ அனுப்புன தட்டுல ஒரு பருக்கை சோறு இல்ல. வெள்ளரிக்காய், தக்காளி, தர்பூசணி ரெண்டு துண்டு, கீரையை முடி மாதிரி நறுக்கி வச்சது கொஞ்சம், ஒரு மீன் துண்டு. தக்காளியும் தர்பூசணியும் தண்ணி பாப்பா. தண்ணியைத் தராசுல வச்சுக் காசு குடுத்துட்டு வர்ற. 265ல தண்ணியைக் கழிச்சா வயித்துக்கு என்ன மிஞ்சும்?

எங்க சத்துணவுக் கணக்குல சின்னப் பிள்ளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி. அது வெந்தா 300 கிராம் கிட்ட சோறு வரும், அப்புறம் சாம்பார், காய் தனி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு நான் போட்ட சோத்தை விட என் மக கம்மியா சாப்பிடறா, 31 வயசுல, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து. நெல்லு வெளையற ஊர்ல பொறந்த பிள்ளை. சித்தப்பா வயல்ல நடவு நடக்குது, நான் வரப்புல நின்னுக்கிட்டு உன் தட்டையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

அந்தக் கார்டு சும்மா கம்பெனி தர்மத்துக்குக் குடுக்கறது இல்லன்னு நீதான் சொன்ன, வேலை செய்றவங்க நல்லா சாப்பிடணும்னு அந்த நாட்டு அரசாங்கம் 1976லயே திட்டம் கொண்டு வந்திருக்கு. நம்ம ஊர்ல எம்ஜிஆர் சத்துணவு ஆரம்பிச்சது 1982 ஜூலை 1. ரெண்டும் சோத்துக்காக வந்த திட்டம்தான். சாப்பிடறதுக்குன்னு குடுத்ததை சாப்பிடு.

புதன்கிழமை கறுப்பு பீன்ஸும் கறியும் போட்டு பெருசா ஆக்குவாங்களாமே, ஃபெய்ஜோவாடா, அதுல பன்னிக்கறி இருக்கும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், உனக்குப் பிடிச்சா சாப்பிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னைக்குப் புதன்கிழமைதான். பிடிக்கலன்னா சாதா பீன்ஸ்ல கறி போட்டிருக்கான்னு கேட்டுட்டு சோத்துல ஊத்திக்கோ. சோறும் பீன்ஸும் சேந்தா நம்ம சோறும் பருப்பும் மாதிரிதான், உடம்புக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மேல அந்த மரவள்ளி மாவு வறுத்தது ஒரு கரண்டி தூவிக்கோ, ஃபரோஃபாவோ என்னவோ சொன்னியே.

இல்லன்னா வாரத்துல மூணு நாள் நீயே ஆக்கி எடுத்துட்டுப் போ. அங்கயும் டப்பா கட்டிக்கிட்டுப் போற பழக்கம் இருக்கு, மார்மிட்டான்னு பேரு கூடச் சொன்ன. தெருச் சந்தையில என்னென்ன இருக்குன்னு நீ காட்டுனதைப் பாத்து நான் அசந்து போயிட்டேன், வெண்டைக்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம், சௌசௌக்கு அங்க ஷுஷுன்னே பேரு. சௌசௌவைத் தோல் சீவி, பாசிப்பருப்பு இல்லன்னா அந்த ஊரு பயறையே வேக வச்சுப் போட்டு, தேங்காயும் சீரகமும் அரைச்சு ஊத்து. அரை மணி நேரம். போன தடவை நான் குடுத்துவிட்ட சாம்பார் பொடி அப்படியே இருக்குன்னு எனக்குத் தெரியும், காலி ஆயிருந்தா நீ கேட்டிருப்ப.

சோறு போட்டுக்கோ பாப்பா. திரும்பத் திரும்ப இதையே சொல்றேன்னு நெனைக்காத. கமலா பொண்ணுக்கு ஆண் குழந்தை பொறந்திருக்கு, அதைச் சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன், வேற எங்கயோ போயிட்டேன்.

ஒண்ணு சொல்லணும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, அப்பாகிட்ட கூட.

நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது, வாரத்துக்கு ஒரு முட்டை இருந்த காலம். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான், அஞ்சு நாளும் முட்டைங்கறது 2010லதான் வந்துச்சு, உனக்கு அது கிடைக்கல. அன்னைக்கு 62 பிள்ளைங்க, 62 முட்டை எண்ணி வச்சிருந்தேன். வேக வைக்கறதுக்கு முன்னாடி தண்ணியில போட்டுப் பாத்தா ரெண்டு மிதந்துச்சு, தூக்கிப் போட்டுட்டோம். ரெண்டு பிள்ளைங்க வரலன்னு சமையல்காரம்மா சொன்னாங்க, சரியா இருக்கும்னு நெனச்சேன். நீ வழக்கம்போல கடைசியில நின்ன. உன்னைக் கடைசியில நிக்க வச்சதும் நான்தான், அமைப்பாளர் மகளுக்கு மொதல்ல போடுறான்னு யாரும் பேசிடக்கூடாதுன்னு. உன் தட்டுல கடைசி முட்டையைப் போட்டேன். நீ அதைக் கையில எடுத்து ஓடு உரிக்க ஆரம்பிச்சுட்ட. அப்போ மேலத்தெருப் பையன் ஒருத்தன் வெரசா ஓடி வந்தான், மூச்சு வாங்குது. நான் உன் கையில இருந்து அந்த முட்டையை வாங்கி, பாதி உரிச்ச முட்டையை, அவன் தட்டுல வச்சேன்.

நீ அழல. "போதும்மா, எனக்கு சாம்பார் போதும்"ன்ன. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, எனக்குப் பெருமையா கூட இருந்துச்சு பாப்பா. அதுதான் இப்ப நெனச்சா தாங்க முடியல. நான் நேர்மைக்காகப் பண்ணேன்னு அத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேர்மை இல்ல, பயம். அதுக்கு முந்தின மாசம்தான் என் மேல மனு போயிருந்துச்சு, முட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு. நான் எடுக்கல, ஆனா பயம். அந்தப் பயத்துக்கு உன் தட்டுல கை வச்சேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல ரெண்டு நாட்டுக்கோழி முட்டை இருந்துச்சு. ஒண்ணு அவிச்சுக் குடுத்திருக்கலாம். எடுத்துக் கையில வச்சுப் பாத்துட்டு திரும்ப வச்சுட்டேன், குடுத்தா நான் பண்ணது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு. பாட்டியே கேட்டாங்க, "பிள்ளை மொகம் வாடிக் கிடக்கே"ன்னு. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னேன்.

அதுல இருந்து நீ கரண்டி தட்டுக்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கையை மேல வச்சு "போதும்"பே. கல்யாண வீட்டுல, அத்தை வீட்டுல, ஹாஸ்டல்ல, எங்கயும். பிள்ளைக்கு ஆசையே இல்ல, எவ்வளவு நல்ல பிள்ளைன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சிரிச்சுக்கிட்டு நிப்பேன். இப்ப அங்க கரண்டி உன் கையிலயே இருக்கு, யாரும் போட்டுவிடறதும் இல்ல, யாரும் எடுத்துக்கறதும் இல்ல, அப்பவும் நீ போதும்னு நிறுத்துற. தராசுல தட்டை வைக்கிறதுக்கு முன்னாடி எதையாவது திரும்ப எடுத்து வைக்கிறியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வைக்காத.

நான் பண்ணது தப்பு பாப்பா. 23 வருஷம் ஆச்சு, போன்ல சொல்ல வாய் வரல.

இந்த 25ஆம் தேதி பணம் போட வேண்டாம். பேசக்கூடாதுன்னு சொன்னதைப் பேசிட்டேன், பரவாயில்ல, திட்டிக்கோ. பெரிய மாமாகிட்ட நான் பேசிக்கறேன், ரெண்டு மாசம் பொறுத்துப்பாங்க. என் பென்ஷன் சின்னதா இருந்தாலும் அது என் காசு, தம்பியும் இப்ப குடுக்க ஆரம்பிச்சுட்டான். பணம் வேண்டாம்னு சொல்லப் போறதை அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு வாசப்பக்கம் போய் உக்காந்துட்டார்.

சீட்டு இனிமே அனுப்ப வேண்டாம். அதை நோட்டுல எழுதறதையும் விட்டுடறேன். தட்டை மட்டும் போட்டோ எடுத்துப் போடு, உன் மொகமும் தெரியற மாதிரி. ஒரு மாசமா கேமராவைத் திருப்பவே மாட்டேங்கற, இளைச்சுட்டன்னு நான் பாத்துடுவேன்னுதானே? நீ பன்னெண்டரைக்குத் தட்டு எடுக்கும்போது இங்க ராத்திரி 9 மணி, நாங்க சாப்பிட்டு முடிச்சுருப்போம், நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். குளிருக்கு அந்த நீல ஸ்வெட்டரை உள்ள போட்டுக்கோ. கமலா பேரனுக்கு இன்னும் பேர் வைக்கல.

மொதல்ல சோறு போட்டுட்டு அப்புறம் மத்ததைப் போடு.

அம்மா