அரை நூல் பிசகாத மரக்கட்டைகள்: ஆசாரி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள ஊர்க்காரங்களுக்கு,

வெள்ளத்தில் மூடிக்கிடந்த நம் பழையாற்றங்கரை அங்கன்வாடி நேற்றுக் காலை மறுபடி திறந்தது. சுவரில் ஈரம் இன்னும் இருக்கிறது, தரை காய்ந்துவிட்டது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. ஊட்டுபுரையில், அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில், பாய் விரித்துக் கிடந்த எல்லாருக்கும் அது தெரியும். மனசு ஆறி மறந்துபோவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று பணியாளர்களும் தாய்மார்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அரிசியும் துணியும் கொண்டுவந்தவர்கள் கோபிக்க வேண்டாம். முதல் நன்றி ஒரு சாக்கு மரக்கட்டைக்கு.

வெள்ளம் வந்த நாலாம் நாள் சாயங்காலம் ஆசாரி அண்ணன் சைக்கிளில் அந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் மிஞ்சிய துண்டுகளாக இருக்கும், அடுப்புக்கு ஆகும் என்றுதான் முதலில் பட்டது. கொட்டிப் பார்த்தால் 120 கட்டைகள், மூன்றே அளவு. ஒற்றைக்கட்டை 4 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குல கனம். அதில் பாதியாக 2 அங்குலச் சதுரம். அதைப்போல் இரட்டிப்பாக 8 அங்குலம். ஒற்றை 60, அரை 40, இரட்டை 20. இரண்டு அரையைச் சேர்த்தால் ஒரு ஒற்றை, இரண்டு ஒற்றையைச் சேர்த்தால் ஒரு இரட்டை. யாரும் கற்றுக்கொடுக்காமலே நாலு வயதுப் பிள்ளை கைக்கு இந்தக் கணக்கு வந்துவிடும், அளவு பிசகாமல் இருந்தால். கனத்தில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடக்குறைய இருந்தாலும் நாலைந்து அடுக்கில் கோபுரம் சாய்ந்துவிடும். பிள்ளை அதைத் தன் கைப்பிழை என்றுதான் நினைத்துக்கொள்ளும். ஆசாரி அண்ணன் அரை நூல்கூட விடவில்லை. கடையில் விலைக்கு வாங்கும் பல பெட்டிகளில் இந்தச் சுத்தம் கிடையாது.

மரம் பலா. நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது ரப்பர் தடிதான். ஆனால் ரப்பர் தடியில் பூச்சியும் நீலப் பூப்பும் சீக்கிரம் ஏறும், அதனால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத்தான் தளவாடத்துக்கு எடுப்பார்கள். "வாயில வச்சுக் கடிக்கிற பிள்ளையளுக்கு மருந்து போட்ட தடி வேண்டாம்" என்றார். தென்னந்தடியும் வேண்டாமாம், அதன் நார் சிலாம்பாகக் குத்தும். வெட்டி நிழலில் உலர்த்திய பழைய பலாவாகப் பார்த்து எடுத்திருக்கிறார். பச்சை மரத்தில் செய்தால் மழை ஓய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். அரைக்கட்டையையும் 2 அங்குலத்துக்குக் குறைக்கவில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாயில் நுழையும் எந்தச் சாமானும் தொண்டையில் அடைக்கும் சாமான்தான். நம் வீடுகளில் பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். குன்றிமணியோ விஷமே. அதை வீட்டிலேயே வைக்க வேண்டாம்.

இனிதான் உண்மையான விஷயம். 120-இல் 60 கட்டை வழவழவென்று இருந்தது. மீதி 60-ஐ அளவாக அறுத்து, முனையை மட்டும் மழுக்கி, சொரசொரப்பாக விட்டிருந்தார். கூடவே 80, 120, 220 நம்பர் உப்புத்தாள். "மிச்சத்த அப்பன்மாரு தேய்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாட்களில் அப்பன்மார் எல்லாரும் சும்மா இருந்தார்கள். மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லை, கொத்துவேலை இல்லை. பிள்ளையோடு பேசுங்கள், அதுதான் இந்த வயதில் மூளைக்குத் தீனி என்று மாதாமாதம் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறோம். ஆண்கள் கூட்டத்துக்கே வருவது அபூர்வம், வந்தாலும் "அதுகிட்ட என்னத்தப் பேச?" என்பார்கள். கையில் கட்டையும் உப்புத்தாளும் வந்ததும் பேச்சு தானாக வந்தது. "இங்க தொட்டுப் பாரு, குத்துதா?" "இன்னும் குத்துது." "இப்போ?" பிள்ளை ஒன்று சொல்ல, அப்பன் அதை வாங்கிப் பதில் சொல்ல, மறுபடி பிள்ளை. இந்தப் போக்குவரத்தைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வேலை கையில் இருப்பதால் அவசரமும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை பதில் சொல்ல நாலைந்து நொடி எடுக்கும், பெரியவர்கள் அதற்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவதுதான் வழக்கமான தப்பு. தேய்க்கிறவர் அந்த நாலைந்து நொடியைத் தேய்த்தே கழித்துவிடுகிறார்.

வேறு மையங்களில் செய்ய நினைப்பவர்களுக்காக முறையை எழுதிவிடுகிறோம். 80-ஆல் அறுத்த தடம் போக, 120-ஆல் அந்தக் கீறல் போக. இரண்டையும் பெரியவர்களே வெளியில் வைத்துத் தேய்க்க வேண்டும், அந்தத் தூசு பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. கடைசி 220 பிள்ளைகளுக்கு. நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். முடிந்ததும் ஒரு துண்டுப் பஞ்சைக் கட்டை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது. பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து மெழுகு பூசலாம். ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு தேங்காய் எண்ணெய், கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, ஆறியதும் மெல்லப் பூசி, மறுநாள் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் அந்த மெழுகைச் சும்மாவே கொடுத்தார். வெறும் எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் மழைக்காலத்தில் பிசுபிசுத்து அழுக்கும் பூசணமும் பிடிக்கும். பெயின்ட் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வீட்டு மூலையில் கிடக்கும் டின் எந்த வருஷத்தது என்று யார் கண்டார்கள்?

கட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவக் கூடாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துகிறோம். சாக்கோடு நடுவில் கொட்டினால் எறிதல்தான் நடக்கும். ஒரு தடவைக்கு ஒரு பாய், அதில் நாலு பிள்ளை, ஆளுக்கு இருபத்தைந்து முப்பது கட்டை என்று பிரித்த பிறகுதான் கட்டத் தொடங்கினார்கள்.

முதல் வாரம் முழுக்க வீடு கட்டினார்கள், "தண்ணி வருது" என்று கத்தினார்கள், தட்டிவிட்டார்கள், மறுபடி கட்டினார்கள். அபசகுனம் என்று பாட்டிமார் வாயைப் பொத்தப் பார்த்தார்கள். அப்படித்தான் அந்தப் பயம் வெளியே வரும், விடுங்கள் என்று சொன்னோம். பயந்த பிள்ளை பாயை நனைக்கும், அம்மாவை விடாது, பேசிய வாக்கியம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். சில வாரத்தில் தானாகத் திரும்பும். ஒரு மாதம் கடந்தும் திரும்பாவிட்டால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால், மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் உடல்நலம் பார்க்க ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வரும் அரசு மருத்துவக் குழுவுக்காக (ஆர்.பி.எஸ்.கே.)க் காத்திருக்க வேண்டாம். "எம் பிள்ள எத்தன கட்ட அடுக்கணும்?" என்றும் கேட்டீர்கள். ஒன்றரை வயதில் மூன்று நாலு, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் எட்டு ஒன்பதும் ஒரு பாலமும். இது ஓர் அங்குலக் கனசதுரத்துக்குச் சொல்லும் கணக்கு. நம் கட்டை அகலமானது, எளிதாக நிற்கும், ஆகவே இதை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி போடாதீர்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், குறையாக நினைக்க வேண்டாம். ஊட்டுபுரையைத் திறந்துவிட்டவர்கள், தினமும் கஞ்சியும் பயறும் வைத்த அக்காமார், சேறு வாரிய பையன்கள், துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஆறு பாய்விரிப்பு தைத்துத் தந்த தையல்கடை அக்கா, கைக்குழந்தைகளுக்கு மசித்துக் கொடுக்க மட்டிப்பழக் குலை இறக்கிய தாத்தா, இரவில் யார் பிள்ளை அழுதாலும் எழுந்து தாலாட்டுப் பாடிய பாட்டிமார், எடை பார்த்த செவிலியர் எல்லாருக்கும். பொம்மை அனுப்பியவர்களுக்கும் நன்றி. ஆனால் பொத்தானை அமுக்கினால் பாடும் பொம்மைகளை எடுத்து வைத்துவிட்டோம். அதிலுள்ள பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்துபோகலாம். பேட்டரி மூடியைத் திருகு போட்டு மூடாத எந்தச் சாமானையும் வீட்டிலும் வைக்காதீர்கள்.

ஆசாரி அண்ணே, நீங்கள் விட்டுப்போன அறுபதில் ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. மூன்றை மட்டும் சொரசொரப்பாகவே எடுத்து வைத்திருக்கிறோம். இனி மையத்தில் சேர்க்க வரும் ஒவ்வொரு பிள்ளையோடும் அப்பனோ தாத்தாவோ மாமாவோ வந்து, உட்கார்ந்து, ஒரு கட்டை தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் புதிதாக ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். பலாத்துண்டு மிஞ்சினால் இன்னும் இரண்டு அறுத்து வையுங்கள். சைக்கிளில் கொண்டுவர வேண்டாம், நாங்களே பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர்களும் தாய்மார்களும்