தொடக்கப்பள்ளி அறிவியல் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான மன்றப் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கடைசிச் சனிக்கிழமைகளில் நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததால் அந்த மாதக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப் போய் வந்தோம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்பட்டது. ஜனவரி மாலைகளில் வெள்ளி, வியாழன், செவ்வாய் மூன்றையும் வெறுங்கண்ணாலேயே மொட்டைமாடியிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டினோம். கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்து, ஒட்டிக்கொள்ளும் கருமணலைத் தாளில் தட்டிப் பார்க்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கு நடத்தப்பட்டது. கருவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சிப் புழு வளர்க்கும் பணியைச் சில பள்ளிகள் நன்றாகவே செய்தன.

இனி நிழல் பதிவேடு, அதாவது ஒரு கம்பின் நண்பகல் நிழலைப் பிள்ளைகள் வாரந்தோறும் அளந்து எழுதும் பணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடந்த பொதுக்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, "பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதா" என்று கேட்டார்கள்.

நம் வகுப்புகளில் உயிரியல் ஓரளவு கையால் நடக்கிறது. பயறு முளைக்க வைக்கிறோம், இலை சேகரிக்கச் சொல்கிறோம். இயற்பியலுக்குக் காந்தம் இருக்கிறது, உப்புத் தண்ணீரில் மிதக்கும் முட்டை இருக்கிறது. புவி, விண்வெளி என்று வந்துவிட்டால் மட்டும் சார்ட்டை மாட்டி, பாடத்தை வாசிக்கச் சொல்லி, கேள்வி பதில் எழுத வைத்து முடித்துவிடுகிறோம். காட்ட ஒன்றும் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தலைக்கு மேல் சூரியன் இருக்கும்போது காட்ட ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்கும்படி ஒரு கம்பை நட்டோம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டால் நேர் பார்த்தோம். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நிழலை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது முதல் விதி. வெள்ளிக்கிழமைதோறும் நண்பகல் வேளையில் சில நிமிட இடைவெளியில் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து, அதில் மிகக் குட்டையானதைப் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதினார்கள். ஒருவர் குறித்ததும் அடுத்தவர் என்று மாறி மாறி வந்ததால் யாரும் அதிக நேரம் வெயிலில் நிற்கவில்லை.

முதல் மாதமே பிள்ளைகள் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மிகக் குட்டையான நிழல் 12 மணிக்கு விழவில்லை, பத்து நிமிடம் போல் தாண்டித்தான் விழுந்தது. நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. சென்னை அதற்கு மேற்கே, ஏறக்குறைய 80.3 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 9 நிமிட வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைந்த ஊர் இது. 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின என்று சொன்னதும் பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்கள். அக்டோபர் கடைசியில் அதே குட்டை நிழல் 12க்கு முன்பே விழுந்தது. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஐந்தாம் வகுப்புக்கு அந்த விளக்கம் வேண்டாம். ஆனால் "ஏன் மிஸ் முன்னாடியே வந்துடுச்சு" என்ற கேள்வி ஐந்தாம் வகுப்பிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. ஜூன் கடைசியில் நண்பகல் நிழல் தெற்கே விழுந்தது, 18 சென்டிமீட்டர். ஆசிரியர்கள் சிலரே திசைகாட்டி பழுது என்றார்கள். பழுது இல்லை. சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது, ஜூனில் சூரியன் 23.5 பாகை வரை வடக்கே போய்விடுகிறது. அப்புறம் வாரா வாரம் நிழல் சுருங்கி, ஆகஸ்ட் 18 அன்று 12 மணி 13 நிமிடம் வாக்கில் கம்பின் அடியில் ஒன்றுமில்லாமல் போனது. அதன்பின் வடக்குப் பக்கம் நீளத் தொடங்கி, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 74 சென்டிமீட்டர் ஆனது. "கம்பு அதே கம்புதான், எது மாறுச்சு?" என்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். பந்தையும் டார்ச் லைட்டையும் எடுத்து, பந்தைச் சாய்த்துப் பிடித்துக் காட்ட அதைவிட நல்ல நேரம் எந்த ஆசிரியருக்கும் கிடைக்காது. பருவகாலங்களைப் பற்றிச் சார்ட்டில் படித்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை. பள்ளி மொட்டைமாடியில் பிள்ளைகள் வந்து நிறைந்துவிட்டார்கள், பெற்றோர்களும் வந்தார்கள். கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர்கூட மேலேறி வந்து தன் காலடியைப் பார்த்துவிட்டுப் போனார். வருவதாகப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரவில்லை. ஆவணி பிறந்துவிட்டது, கல்யாணங்கள் இருக்கும், வீட்டு வேலைகள் இருக்கும், புரிகிறது. ஆனால் வர முடியாது என்று முந்தைய நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளைக் கேட்டிருக்கலாம். அளவுகோலும் கையுமாக மூன்று குழுக்களை ஒரே ஆள் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்வது நியாயமில்லை. பயிற்சிக் கூட்டங்களிலும் இதே நிலைதான். இணையப் பதிவு வேலைகளால் ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. அதே வேலைச் சுமையோடுதான் வந்தவர்களும் வந்தார்கள் என்பதைப் பொதுக்குழு பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

சந்தா நிலவரமும் இதே மாதிரிதான். ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிக்கு மேல் நிலுவை, சிலருக்கு இரண்டு ஆண்டு நிலுவை. வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து செலவுகளை ஏறக்குறைய ஈடுகட்டின. வேன் வாடகைதான் பெரிய செலவு. கையிருப்பு சொற்பம். விவரங்களைப் பொருளாளர் தனியே வைப்பார்.

மொட்டைமாடியைத் திறந்துவிட்ட தலைமையாசிரியைக்கும், கம்பு நட்டுக் கொடுத்த கொத்தனாருக்கும், பெற்றோர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கற்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பல்லாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இடம் அது. அங்கே கிடைக்கும் சார்னோக்கைட் பாறைக்கு, கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் பெயர் வந்தது. நம் பிள்ளைகள் பலர் அந்த மலைகளைத் தினமும் ரயிலில் கடந்து போகிறார்கள். ஒரு வேன், பத்துப் பன்னிரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகள், கூட வர இரண்டு மூன்று பெரியவர்கள் இருந்தால் போதும். துணைக்கருவிகள் இப்போது என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. யாராவது ஒரு பீரோ கொடுத்தால் மன்றத்தின் பொருள் மன்றத்திடமே இருக்கும்.

என் பொறுப்புக்காலம் முடிகிறது. யார் செயலாளராக வந்தாலும் நிழல் பதிவேட்டை நிறுத்திவிட வேண்டாம். நிழலில்லா நாள் சென்னைக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் 24 தேர்வு, விடுமுறை என்று போய்விடுகிறது. வரும் ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை, பள்ளி நாள். யாரும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, அவரவர் பள்ளி வளாகத்திலேயே ஒரு கம்பை நட்டால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகத் தாளை மேசையில் வைத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்